சாப்பாட்டு மேசையில் துவக்குக் கோதுகள்

சனி, ஜூன் 14, 1986

விடிந்ததிலிருந்து மழை. ரானுயியில் எங்கள் தெரு முழுக்கச் சேறு.

செய்ய: உடுப்பு காயப்போட (எங்கே?), பருப்பு வாங்க, அக்காவுக்குக் கடிதம்.

சாப்பாட்டு மேசை பறிபோய்விட்டது. இவருடைய வேலையிடத்து நண்பர் பிரையன், சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளை ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார். பித்தளை. பிரையனின் குறிபார்த்துச் சுடும் கிளப்பில் இவரும் சேரப் போகிறாராம். மருந்து நிரப்பித் திரும்பச் சுடலாமாம்; துவக்கு லைசென்ஸ் வருவதற்குள் கோதுகள் தயாராக வேண்டுமாம். அடியில் உள்ள கம்பனிக் குறி பார்த்துப் பிரிப்பு. பிறகு கழுவல். வாய் வெடித்தது குப்பைக்கு. நீளம் கூடினதை அராவி, கடைசியில் பிரையனின் தராசு. நாலு அரிசி நிறை பிசகினாலும் வேறு ஐஸ்கிரீம் பெட்டி.

"எல்லாம் ஒரே நிறையா இருந்தாத்தான் வெடி ஒரே இடத்தில போய்ப் படும்." நான் கேட்காமலே விளக்கம்.

ஊரில் இவர் நில அளவையாளர். இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அளக்க ஏதாவது கிடைத்தால் மனிதருக்கு முகம் தெளிகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய், ஜூன் 17

குளிர். ஹீட்டர் கருகல் மணம்.

பொலிஸிலிருந்து போன். லைசென்ஸ் கொடுக்க முன் மனைவியைத் தனியாக விசாரிப்பார்களாம். வியாழன் வருகிறார்கள்.

"சும்மா ரெண்டு கேள்விதான். நல்ல மனிசன் எண்டு சொல்லும், காணும்" என்கிறார் இவர்.

மே மாதம் மூன்றாவது வேலை விண்ணப்பமும் திரும்பி வந்த அன்று, இதே நல்ல மனிதர் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னது: "நான் இல்லாட்டி உமக்குக் கரைச்சல் இல்லை." பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் இன்னும் அந்தச் சாவுப் பேச்சோடுதான் படுத்து எழும்புகிறேன். யாரிடம் போய்ச் சொல்ல?

வியாழன், ஜூன் 19

பொலிஸ்காரர் நல்ல மாதிரி. சப்பாத்தை வாசலில் கழற்றினார். துவக்கைப் பூட்டி வைக்க இடம்? உண்டு. குடி? இல்லை. கோபம்? உப்புக் குறைந்தால் மட்டும். சிரித்தார். பிறகு, இவருடைய மனம் எப்படி என்று கேட்டார்.

மேசையில் பெட்டிகள், இவர் கையெழுத்தில் நிறை ஒட்டியபடி.

வீட்டில் துவக்கு வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்.

பின்னேரம் இவர்: "என்ன கேட்டவர்?"

"பூட்டு இருக்கோ எண்டு கேட்டவர்."

சந்தோஷம். இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பாவி நான்.

ஞாயிறு, ஜூன் 22

பருப்பு மறுபடியும் மறந்தாச்சு.

ஒரே நிறையில் ஐம்பது வேண்டுமாம், நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது. கண்ணாடி சரியில்லை என்று தராசு முள்ளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். ஒன்றைக்கூட நான் பிழையாகச் சொல்லவில்லை. அழுகை வந்தது, வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

வெள்ளி, ஜூலை 4

கடிதம் வந்தது. லைசென்ஸ் இல்லை. காரணம் எழுதவில்லை.

இரண்டு தரம் வாசித்தார். "பிரையன்தான். பொலிஸ்காரர் அவனையும் விசாரிச்சவை. சிரிச்சுக் கதைச்சிட்டு இப்பிடிச் செய்திருக்கிறான்." பிரித்தது, பிரிக்காதது எல்லாவற்றையும் ஒரே பைக்குள் கொட்டினார். மூன்று கிழமை வேலை. "அவன்ர சாமானை அவன்ர வாசல்ல போட்டிட்டு வாறன். இனி அவனோட கதை இல்லை."

இந்த நாட்டில் இவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதன்.

சப்பாத்துப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரையன் இல்லை. நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். மே மாதம் நீங்கள் சொன்னதையும் சொன்னனான்."

கத்துவார் என்று நினைத்தேன். ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே வாசலில் குந்திவிட்டார்.

"நான் அப்பிடிச் சொன்ன நாளில இருந்து இண்டைக்கு வரைக்கும் பயத்தோடயோ இருந்தனீர்?"

ஓம் என்றேன்.