இரண்டாவது கட்டத்தில் போட்ட டிக்

வியாழக்கிழமை, சாயங்காலம்

அன்பு மகள் சில்வண்டுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, உன் அம்மா, நான் மூவரும் நலம். நாலாவதாக என் கோபமும் நலம், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது, இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். உன் நலத்தை விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீ சரி சித்தப்பா சரி சித்தப்பா என்று ஏழு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், என் வாயும் போனைக் கண்டால் கட்டுக்குள் நிற்காது, அந்த வாயால் வந்த வினைதான் இந்தக் கடிதமே, அதைப் பின்னால் சொல்கிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் அம்மாவின் போனிலிருந்து அனுப்புகிறேன், தாள் தபாலில் மெதுவாக வந்து சேரட்டும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஆபீஸில் என் நாலாம் எண் ஜன்னலைத் திறக்கப் போகிற நேரத்தில், உன் பல்கலைக்கழகப் பாரத்தை எடுத்து நீ அனுப்பிய படம் வந்தது. கூடவே, பாரம் கொடுத்துட்டேன் சித்தப்பா, அடுத்த மாசம் வந்துடுவேன், அப்பாகிட்ட இப்போ சொல்லாதீங்க, எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க என்று தொடங்கி ஒரு நீளக் குறிப்பு. அடி பெண்ணே, கழுத்தை அறுத்துவிட்டுக் கத்தி கூராக இருந்ததா என்று கேட்பவளை இந்தப் பூமி இன்றுதான் பார்க்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் எங்கள் ஆபீஸின் நாற்பது இரும்பு பீரோக்களும் தாமாகவே திறந்துகொண்டன, பழைய கோப்புகளிலிருந்து கரப்பான்கள் குடும்பம் குடும்பமாக வெளிநடப்பு செய்தன, வரிசையில் நின்றிருந்த பையன்கள் பாதிப் பேர் படிப்பே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் பதினொன்றரை வரை திறக்கவில்லை, அது மட்டும் நிஜம்.

நான் யார் என்று உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. இருபத்தேழு வருஷமாக ஒரு பல்கலைக்கழகத்தின் இணைச்சான்றுப் பிரிவில் தலைமை எழுத்தராக உட்கார்ந்திருக்கிறவன். வேறு ஊரில் வேறு நாட்டில் வாங்கின பட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினால், இது நம்முடைய எந்தப் படிப்புக்குச் சமம் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிற ஜன்னல் என்னுடையது. மூன்று வருஷ இளநிலை, நாலு வருஷ இளநிலை, ஒரே வருஷத்தில் முடிகிற முதுநிலை, பட்டயம், மேல்பட்டயம், பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் நடுவில் திரிசங்குவாகத் தொங்குகிற சான்றிதழ், எதை நான் பார்க்கவில்லை? ஒரே படிப்பை ஒரு ஊரில் புரோகிராம் என்பான், இன்னொரு ஊரில் கோர்ஸ் என்பான், மூன்றாவது ஊரில் கோர்ஸ் என்றால் ஒரே ஒரு பாடம்தான். எங்கள் பதிவேட்டில் சமம் இல்லாத படிப்புக்கு இணையற்றது என்று ஒரு ரப்பர் முத்திரை உண்டு. வெளியே யாரையாவது அப்படிச் சொன்னால் மாலை போட்டதாக அர்த்தம், எங்கள் ஜன்னலில் குத்தினால் பாடை கட்டியதாக அர்த்தம். இப்பேர்ப்பட்டவன் வீட்டில் இருக்க, பாரத்தை நிரப்பும் முன்னால் காட்டாமல் கொடுத்த பின்னால் காட்டுகிறாயே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், நீ வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்திருக்கிறாய்.

பாரத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் இடைவிடுப்பு. ஒரு வருஷம் வரை வீட்டுக்கு வரலாம், பதிவு உயிரோடு இருக்கும், முடித்த கிரெடிட்டுகள் அப்படியே இருக்கும், கைடு மாறமாட்டார், திரும்பிப் போய் விட்ட இடத்தில் தொடரலாம். மூன்றாவது கட்டம் முழு விலகல், அதைப் பற்றிப் பேச வேண்டாம். நீ டிக் போட்டிருப்பது இரண்டாவதில், இடைப்பட்டத்துடன் வெளியேறுதல். பெயரைப் பார், எவ்வளவு மரியாதை, வாசல் வரை வந்து குடை பிடித்து வழியனுப்புகிற மாதிரி! அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அவனை என் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுவேன். கையில ஒரு பட்டமாவது இருக்கட்டும்னு பாத்தேன் சித்தப்பா என்று எழுதியிருக்கிறாய். என்ன பட்டம் தெரியுமா அது? ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் மூன்றரை வருஷம் உழைத்து, தகுதித் தேர்வில் ஐந்து பேராசிரியர்கள் முன்னால் நின்று ஜெயித்து, லிஃப்ட்டைத் தாங்குகிற கம்பிக் கயிறு அறுவதற்கு எத்தனை நாள் முன்னால் அது அறப்போகிறது என்று கண்டுபிடிக்கிற வேலையில் முக்கால்வாசி முடித்தவளுக்கு, முதல் இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்ததற்கான முதுநிலைப் பட்டம். மிச்ச ஒன்றரை வருஷத்தை எந்தத் தாளிலும் தேட முடியாது. நாளைக்கு மனசு மாறி முனைவர் படிப்பு வேண்டும் என்று போனால் முதல் நாளிலிருந்து, முதல் விண்ணப்பத்திலிருந்து, மறுபடி தகுதித் தேர்விலிருந்து. இப்படி ஒரு தாளோடு ஒருத்தர் என் ஜன்னலுக்கு வந்தார், நரை விழுந்த மனுஷர், நாலு வருஷம் படித்தேன் சார் நாலு வருஷம் படித்தேன் சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், தாள் இரண்டு வருஷம் என்றது, நான் தாளைத்தான் பார்க்க முடியும். அவர் போன பிறகு நான் டீ குடிக்கவில்லை. அது மிகையில்லை, கேட்டுப்பார்.

சரி, எதற்காக டிக் போட்டாய்? அப்பாவைப் பார்த்துக்கொள்ள. அப்பாவுக்கு என்ன என்று யார் சொன்னது? இந்த இடத்தில்தான் என் கோபம் முட்டி மோதித் திரும்பி என் மேலேயே பாய்கிறது. மூன்று வாரம் முன்னால் நான்தான் போன் செய்தேன். உங்கப்பா பனைமர உயரத்திலிருந்து விழுந்துவிட்டார், கால் அப்பளமாக நொறுங்கிவிட்டது, பதினோரு டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று கையை விரித்துவிட்டார்கள், இனி இந்த மனுஷன் எழுந்து நடந்தால் அது உலக அதிசயம் என்று சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது, சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பெண்ணே, இருபத்தாறு வருஷமாக என்னைத் தெரியாதா உனக்கு? மழை பெய்தால் ஊரே முழுகிவிட்டது என்கிறவன், தலைவலி வந்தால் உயில் எழுதத் தாள் கேட்கிறவன், உன் ஆறாவது வயசில் நம் வீட்டுப் பூனை காட்டில் புலிகளுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றது என்று சொல்லி நம்ப வைத்தவன். நான் சொல்வதைப் பத்தால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீயே கணக்கு வைத்திருந்தாயே, அந்த வகுத்தல் எங்கே போயிற்று? கயிறு அறுவதைக் கணக்குப் போடுகிறவளுக்குச் சித்தப்பா அளப்பதைக் கணக்குப் போடத் தெரியவில்லையா?

போடமுடியாது என்பதுதான் உண்மை, நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் உன் அம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நீ சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன், அதற்கு நீ தனியாகக் கோபப்படு. உன் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, கொழுந்தனாரே, அவ இவருக்கும் போன் பண்ணினா, இவர் ஒண்ணுமில்லம்மா லேசா சுளுக்குன்னுட்டார், ஒருத்தர் எல்லாம் போச்சுங்கறீங்க, ஒருத்தர் ஒண்ணுமே இல்லைங்கறார், நடுவுல அவ எதைத்தான் நம்புவா, பெத்தவர் மறைக்கறார்னா நீங்க சொன்னதுதான் நிஜம்னு நினைச்சிருப்பா என்றாள். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அப்புறம், அவ மூணரை வருஷத்தை என் கால்ல கொண்டுவந்து கட்டிட்டியேடா என்றார். திட்டவில்லை. முப்பது மாடிக் கட்டடத்தில் தான் பழுதுபார்க்கிற லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் குரல் உயர்த்தாத மனுஷர். அவர் திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை இன்னும் நாலு பக்கம் தாண்டவமாடி எழுதியிருப்பேன். உன் கைடு அம்மாவிடமும் நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறாய், அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிக் குடும்பம்தான் முதல்ல என்று கையெழுத்துப் போட்டாராம். பார், கண்காணாத தேசத்தில் முகம் தெரியாத ஒரு பேராசிரியரைக்கூட அழவைத்திருக்கிறேன். என் வாழ்நாள் சாதனை, வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் அளக்கப் போவதில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவது தரம் எழுதுகிறேன். உன் அப்பா வேலைக்குப் போன கட்டடத்தின் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் ஏணியின் மூன்றாவது படியிலிருந்து விழுந்தார். இடது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். கட்டிலருகே நின்றவர்கள் இரண்டு டாக்டர்கள், இரண்டு பேரும் கையை விரிக்கவில்லை. இன்னும் நாலு வாரம் கட்டு, பிறகு மூன்று மாதம் உடற்பயிற்சி. இப்போது ஊன்றுகோலோடு குளியலறை வரை தானே போகிறார். காய்ச்சல் இல்லை, சாப்பாடு பாதி. அந்தக் கால் இனி முழுதாக மடங்காது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற வேலையை இனி அவர் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் உதிரிபாக அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கிறார்கள். நீ வந்து செய்ய வேண்டியது எதுவும் இங்கே இல்லை. நீ வந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். இரண்டும் உண்மை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனி. நீ அனுப்பிய படத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது, நீ படித்திருக்கமாட்டாய், அடிவரிகளைப் படித்தே எனக்குக் கண்ணாடி நாலு தரம் மாறியிருக்கிறது. பாரம் கொடுத்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள், கல்விக் குழு முன்னால் போவதற்கு முன், மாணவர் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம் என்கிறது அது. நீ கொடுத்தது போன வெள்ளி. திங்களிலிருந்து எண்ணினால் இன்றோடு நாலு நாள் போயிற்று, அடுத்த வெள்ளியோடு சரி. சனி ஞாயிறு கணக்கில் வராது என்று நிம்மதியாகத் தூங்காதே. நாளைக்கே நேரில் போ, மெயில் மட்டும் போட்டுவிட்டு உட்காராதே, மெயிலைப் பார்க்காமல் இருக்க என்னென்ன வழி உண்டு என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டே வரி எழுது, காரணம் கேட்டால் குடும்பச் சூழ்நிலை பற்றித் தவறான தகவல் கிடைத்தது என்று எழுது, தகவல் கொடுத்தவன் பெயரையும் வேண்டுமானால் போடு, வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை போட்டு நகல் கேட்டு வாங்கு. கைடு அம்மாவிடம் உண்மையைச் சொல், அவர் சிரித்தாலும் பரவாயில்லை, என்னைத் திட்டினாலும் எழுதி அனுப்பு. அப்பாவைப் பார்க்காமல் இருக்கவே முடியாது என்று உனக்குப் பட்டால் முதல் கட்டத்தில் டிக் போடு, மூன்று மாதம் வந்து இரு, பெட்டியைப் பாதி காலியாக வை, திரும்பிப் போக வேண்டியவள் நீ. ஆனால் இரண்டாவது கட்டத்தில் உன் டிக் இருந்ததற்கு ஒரு அடையாளம்கூட அந்தக் கோப்பில் இருக்கக்கூடாது. இருந்தால் நான் நீந்தியே அங்கே வருவேன், எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் நினைவில் வை.

உன் அறையில் ஹீட்டர் சரியாகிவிட்டதா? ராத்திரிச் சாப்பாட்டைப் பிஸ்கட்டில் முடிக்காதே. நூறாண்டு வாழ்க, எடுத்ததை முடிக்கிற பிடிவாதம் உனக்குக் குறையாமல் இருக்கட்டும், என் வாய் உனக்கு வராமல் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை, முத்திரை, நகல், மூன்றையும் மறக்காதே. இனி என்னிடமிருந்து வீட்டுச் செய்தி வந்தால் கீழே சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் நம்பாதே. இந்தக் கடிதத்துக்கு வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் இமயமளவு கோபமும், தன் மேல் அதைவிட ஒரு முழம் கூடுதலாகவும் உள்ள
சித்தப்பா

தம்பி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது படிதான். கால் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஒண்ணுமில்லைன்னு நான் உன்கிட்ட சொன்னதுதான் பொய். வலிக்குதும்மா. ராத்திரியில ரொம்ப வலிக்குது. நீ முடிச்சிட்டு வா.
அப்பா