உப்புத் தொட்டிக்குப் பெருநாள் காவல்

அன்பு மகள் யும்னாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் குவீன்ஸ்டவுன் வீட்டில் நான் சுகமாக இருக்கிறேன், சர்க்கரையும் அடங்கித்தான் இருக்கிறது. எதிர்வீட்டு ஃபஸீலா வெள்ளிக்கிழமைதோறும் சூப் கொடுத்துவிடுகிறாள். ரோட்டர்டாம் குளிரில் நீ தொப்பியைத் தலையில் போடுகிறாயா, வழக்கம்போல் பையிலேயே வைத்திருக்கிறாயா? தினமும் போனில் பேசுகிறவர் எதற்குப் பேனா எடுத்தார் என்று சிரிக்காதே. இதைச் சொல்ல நாலு தடவை போன் போட்டு, நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ, பெருநாளுக்கு லீவு போடட்டுமா வாப்பா என்று கேட்டாய். எனக்கு அன்றைக்கு ஜூரோங் தொழிற்சாலையில் டூட்டி, நீ வந்து தனியாக என்ன செய்வாய் என்றேன். போன வருஷமும் இதையேதான் சொன்னேன். சரி வாப்பா என்று நீ சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் உப்புத் தொட்டியைப் பற்றி உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். அது சமையல் உப்பு இல்லை, பழுக்கக் காய்ந்து தண்ணீராய் நிற்கும். கட்டர், அச்சு எல்லாம் அதில் முங்கினால் காற்றுப் படாமல் உள்ளும் புறமும் ஒரே சூடாக ஏறும், அப்புறம் எடுத்துக் குளிர்வித்தால்தான் இரும்பை வெட்டும் பலம் வரும். தொட்டியை ஆறவிட்டால் உப்பு பாறையாகிவிடும். மறுபடி சூடேற்றும்போது அடியில் உருகியது மேலே வழியில்லாமல் வெடித்துத் தெறிக்கும். அதனால் விடுமுறையிலும் குறைந்த சூட்டில் வைத்து ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதெல்லாம் உண்மை. அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்றதுதான் பொய்.

பதினெட்டு வருஷமாகத் தீபாவளிக்கு நான், பெருநாளுக்கு என்கூட வேலை பார்க்கும் வெங்கடேஷ், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. உன் உம்மா மௌத்தான பிறகு நான்தான் அவனிடம் கெஞ்சிப் பெருநாளையும் வாங்கிக்கொண்டேன். தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் ஸலாம் சொல்ல ஆள் இல்லை, தொழுத சட்டையோடேயே பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டேன். இதை உன்னிடம் மறைத்திருக்கிறேன் என்று செவ்வாய்க்கிழமைதான் அவனுக்குத் தெரிந்தது. மனுஷன் கொதித்துவிட்டான். என்ன பாய் நீங்க, உப்ப நான் பாத்துக்கிறேன் லா, பொண்ண வரச் சொல்லுங்க, இல்லன்னா நானே போன் போட்டுடுவேன் என்று சொல்லி டூட்டி பேப்பரில் அவன் பெயரை எழுதிவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உம்மாவை அடக்கிய மூன்றாம் நாள் நீ தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, கதவைத் திறந்ததும் பழக்கத்தில் உம்மா என்று கூப்பிட்டாய். அறைக்குள் இருந்த நான் அசையவில்லை. அந்தக் குரலை மறுபடி கேட்கப் பயந்துதான் உன்னை வரவிடாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை யும்னா. உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை. வந்துவிடு. வாய் தவறி உம்மா என்றே கூப்பிட்டாலும் பரவாயில்லை, நான் எழுந்து வருகிறேன்.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தருவானாக. தொழுகையை விடாதே. பெருநாளுக்கு முந்தின நாளே வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடு.

உன்னைத் தேடும்
வாப்பா யாக்கூப்