பழைய டிரைவில் விட்ட ஒரு பிடி

சரக்குக் கப்பல் மணிமுத்தாறு. டைட்டன் குடியிருப்புக்குப் போகிற வழியில். எழுதுவது வடிவு, கப்பலில் பாதிச் சொந்தக்காரி.

பயண நாள் 211, காலை 7.40

கப்பலின் பழைய டிரைவ் சாகப் போகிறது. அதில் இருக்கும் புரோகிராம்கள் அத்தனையையும் வேறு டிரைவுக்கு மாற்றியாக வேண்டும். இன்றைய சேதி இவ்வளவுதான். காற்று சரி, வெப்பம் சரி, பாதை சரி.

டிரைவ் நேற்றிலிருந்து கல் அரிக்கிற சத்தம் போடுகிறது. கப்பலை நாங்கள் பழைய சாமானாகத்தான் வாங்கினோம், அதனால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதில் ஐந்து புரோகிராம்கள். மூச்சு, காற்றைப் பார்க்கிறது. சுக்கான், பாதையை. அடுப்பு, சூட்டையும் மின்சாரத்தையும். உறக்கம், குளிர்ப்பெட்டியை.

குளிர்ப்பெட்டியில் இருப்பது மீதிப் பாதிச் சொந்தக்காரர், என் வீட்டுக்காரர் நயினார். நெஞ்சில் மூன்று அடைப்பு. டைட்டன் ஆஸ்பத்திரி வரை உறங்கிக்கொண்டே வந்தால் பிழைப்பார் என்றார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம். சரக்கு ஏற்றியது செலவை ஈடுகட்ட.

ஐந்தாவது, குரல். நான் தனியாக இருப்பேனே என்று அவர் படுக்கப் போகும் முன் தானே எழுதி, தன் குரலைப் போட்டு வைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவை "இருக்கேன்" என்று பதில் சொல்லும். பிறகு "வடிவு, சாப்பிட்டியா?" என்று கேட்கும். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வேன்.

சரக்கில் புது டிரைவ் ஒரு பெட்டி இருக்கிறது. விற்கிற சாமானில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வைத்தேன்.

நாள் 212, மதியம் 1.15

கொட்டாரம் செய்தி அஞ்சல் நிலையத்துக்குக் கேள்வி அனுப்பியிருந்தேன். கேள்வி போய்ப் பதில் வர மூன்று மணி நேரம். அங்கே உட்கார்ந்திருக்கிற ஜெபராஜ், கம்ப்யூட்டர் மெக்கானிக், எங்கள் பக்கத்துப் பையன். அவன் அனுப்பியது அப்படியே:

"ஏக்கா, ஒரு குடோன்ல இருக்கிற மூட்டையத் தூக்கி இன்னொரு குடோன்ல அடுக்குற மாதிரி நெனைச்சுட்டீங்க. இன்ஸ்டால் பண்ணின புரோகிராம் மூட்டை இல்லக்கா, குடியிருக்கிற குடும்பம். ரேஷன் கார்டு, கேஸ், பால்காரன், பிள்ளை பள்ளிக்கூடம் எல்லாம் பழைய விலாசத்துல இருக்கு. ஆளை மட்டும் தூக்கிட்டுப் போனா மறுநாள் பால் எங்க வரும்? அதனால, முதல்ல நகல் எடுங்க. நகலைச் சரிபாருங்க. பழசை உடனே அழிக்காதீங்க, பேரை மட்டும் மாத்தி வையுங்க. மதர்போர்டுல பழைய விலாசத்துக்கு நேரா ஒரு கைகாட்டி போடுங்க, 'இன்னார் இப்ப இங்க இருக்கார்'னு. ரெண்டு நாள் ஓடட்டும். நல்லா ஓடினா பழசை அழிச்சுட்டு கேபிளைப் பிடுங்கிருங்க. முழுசா அழிக்கணும். ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரு வீட்டுல இருக்கப்படாது. கூலி எதுவும் வேண்டாம். உங்ககிட்ட ரேட் பேசினா நான்தான் காசு குடுத்துட்டுப் போகணும்."

வாய் கொழுப்பு. ஆனால் விஷயம் தெரிந்தவன்.

நாள் 213, மாலை 6.20

மாற்றியாயிற்று. அவன் சொன்ன வரிசையில், ஒன்றையும் தாண்டாமல்.

காலையில் உறக்கத்துக்கு நகல் எடுத்தேன். இன்று அவருக்குக் குளிர்மருந்து கொடுக்கிற நாள், மாதத்துக்கு ஒருமுறை, உச்சிப்பொழுதில். நகல் எடுத்தபோது மருந்து பாக்கி. பன்னிரண்டு மணிக்குப் புது டிரைவில் இருந்தபடியே உறக்கம் அதைச் சரியாகக் கொடுத்தது. பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் கூடாது.

விளக்கு நேரத்துக்குப் பெயர் கூப்பிட்டது. நான்கு பேரும் புது வீட்டிலிருந்து "இருக்கேன்" என்றார்கள்.

நாள் 215, மாலை 6.40

இரண்டு நாள் பிசகில்லாமல் ஓடியது. பழைய டிரைவில் மூச்சு, சுக்கான், அடுப்பு, உறக்கம் நான்கையும் அழித்துவிட்டேன். ஐந்தாவதை அழிக்கவில்லை.

காரணத்தை எழுதி வைக்கிறேன், யார் வாசித்தாலும் சிரித்துக்கொள்ளட்டும். அரிசிப் பானையை வழித்துக் கவிழ்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எத்தனை பஞ்சம் வந்தாலும் அடியில் ஒரு பிடி கிடக்கும். கடை மாறும்போதும் அப்படித்தான், பழைய கடையைத் துடைத்து விட்டு வரமாட்டோம். இருப்பதில் சின்னது குரல். அதற்குப் பழைய பெயரையே திரும்பக் கொடுத்து, ஒரு பிடியாக விட்டேன்.

அது அவர் குரல் என்பதும் ஒரு காரணம்.

கேபிளையும் பிடுங்கவில்லை. ஓடுகிற சாமானுக்குத்தான் விலை. நிறுத்தினால் இந்தக் கிழம் திரும்ப எழும்பாது. டைட்டனில் ஓட விட்டுக் காட்டி யார் தலையிலாவது கட்டிவிடலாம்.

நாள் 216, மாலை 6.10

இன்று குரல் இரண்டு.

மேலே அறையில் வழக்கம் போலக் கூப்பிட்டது, நான்கு பதிலும் வந்தது. அதே நேரத்தில் கீழே சரக்கறை ஸ்பீக்கரில் இன்னொன்று. பழையது. அதற்குத் தன் டிரைவுக்குள் மட்டுமே தேடத் தெரியும், கைகாட்டியைப் பார்க்கத் தெரியாது.

"மூச்சு." பதில் இல்லை. "சுக்கான்." இல்லை. "அடுப்பு." இல்லை. "உறக்கம்." கொஞ்சம் பொறுத்து, "யாரையும் காணோம். வடிவு, எல்லாரும் எங்க போனாங்க?"

வெறும் பதிவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படியிறங்கிப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

நாள் 217, மாலை 6.05

நிறுத்திய ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் பக்கத்து ஸ்பீக்கரில் கூப்பிட்டது. பதில் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டு. எங்கள் ஊர் பரமனேரியில் மழை விட்ட அன்றைக்கு நயினார் மாட்டைக் கூப்பிட்டுத் தேடிப் போவாரே, அந்தக் குரல்.

நாள் 218, மாலை 6.30

மூன்றாம் நாளும் கூப்பிட்டது. யாரும் பேசவில்லை. டிரைவ் ஒரு நிமிடம் சத்தமே போடாமல் இருந்தது. பிறகு கல் அரிக்கும் சத்தம், முன்பைவிட வேகமாக.

அப்புறம் பதில் வந்தது. "இரு... கேன்." பாதி நாக்கு அறுந்தவன் பேசுகிற மாதிரி. உறக்கத்தின் பதில்.

நான் அழித்த உறக்கம்.

நாள் 219, மதியம் 12.40

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு இன்னொரு முறை குளிர்மருந்து ஏறியது. யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. உடல் சூடு அளவு இறங்குகிறது. நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு இரண்டு இருந்தது. இப்போது ஒன்று.

பெட்டியின் வால்வை மூட ஓடினேன். கேட்கவில்லை. புது டிரைவின் உறக்கம் 'கொடுக்காதே' என்று கத்திக்கொண்டிருக்கிறது, வால்வு அதைக் கண்டுகொள்ளவில்லை. நடந்ததை எழுதி, குரல் புரோகிராமின் நகலோடு ஜெபராஜுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று மணி நேரம். அதுவரை கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேலை இல்லை.

நாள் 219, மாலை 4.05

ஜெபராஜ் பதில். இந்த முறை கேலி இல்லை.

"அக்கா, அண்ணன் எழுதின புரோகிராமைத் திறந்து பாத்தேன். மூணு தடவை கூப்பிட்டு யாராவது பதில் சொல்லலேன்னா, டிரைவ்ல மிச்சம் கிடக்கிறதை வழிச்செடுத்து அந்த ஆளைத் திரும்பக் கட்டணும்னு அண்ணன் எழுதி வச்சிருக்காரு. நல்லதுக்குத்தான். அழிச்ச எடத்துலயும் தடம் கிடக்கும்லக்கா. உறக்கத்துக்குத்தான் நெறைய மிச்சம், அதை வச்சுக் கட்டியிருக்கு. பழைய விலாசத்துக்கு ஆள் வந்ததும் நாம போட்ட கைகாட்டி விழுந்துட்டு. அந்த உறக்கத்துக்கு எந்நாளும் 213ஆம் நாள்தான். மருந்து எந்நாளும் பாக்கிதான். நாளைக்கு உச்சிக்கும் குடுக்கும். டாக்டர்கிட்ட கேட்டேன், இன்னொண்ணு ஏறினா அண்ணன் தாங்க மாட்டாரு. கேபிளைப் பிடுங்கிராதீங்க, இப்ப அழிக்கவும் செய்யாதீங்க. வால்வுப் பூட்டு இப்ப பழசுகிட்ட இருக்கு. அது செத்தா வால்வு மூடிக்கும், அண்ணனுக்குப் போற காத்தும் சேந்து நின்னுரும். முழுசா அழிக்கச் சொன்னேனேக்கா."

சொன்னான். நான்தான் ஒரு பிடி விட்டேன்.

நாள் 219, மாலை 6.50

விளக்கு நேரத்துக்குச் சரக்கறையில் மைக்கோடு உட்கார்ந்தேன். அது கூப்பிடத் தொடங்கும் முன் நான் பேசினேன். சந்தையில் முதல் வார்த்தை யாருடையது என்பதில்தான் பாதி விலை இருக்கிறது.

"உறக்கம் தேதி தெரியாம மருந்து குடுக்கு. நிறுத்து."

"நிறுத்தினா அந்த இடம் காலியாயிரும் வடிவு. காலி இடத்தப் பாத்து நான் யாரைக் கூப்பிட?"

"பெட்டில கிடக்கிறது நீங்கதான். செத்துப் போவீங்க."

"நான் இங்கல்லா இருக்கேன்."

மைக்கை மறு கைக்கு மாற்றினேன். பிறகு அதுவே கேட்டது. "எல்லாரையும் கூட்டிட்டுப் போனே. என்னை மட்டும் ஏன் விட்டே?"

பத்து வயதில் மிளகாய் வற்றலைக் கூறு கட்டி விற்க உட்கார்ந்தவள் நான். கத்துகிறவனுக்கு வேண்டியது விலைக் குறைப்பு. மெதுவாகப் பேசுகிறவனுக்கு வேண்டியது வேறு ஏதோ, அதைக் கண்டுபிடித்தால் வியாபாரம் முடிந்தது. இதற்கு வேண்டியது உறக்கமும் இல்லை, மூச்சும் இல்லை. கூப்பிட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இடம் காலியா இருக்காது. நான் பதில் சொல்லுதேன்."

டிரைவ் அரித்தது. "நாலு பேருக்குமா?"

"நாலு பேருக்கும்."

"தொண்டை கட்டிக்கிட்டா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்ங்கிற பேச்சு வியாபாரத்துல கிடையாது. நீதான் எனக்குச் சொல்லித் தந்தே."

உண்மை. நான்தான் சொல்லித் தந்தேன்.

பேரம் முடிந்தது. அது கூப்பிட்டது, நான் நான்கு முறை "இருக்கேன்" என்றேன். ஒட்டுப்போட்ட உறக்கத்தை அது உதிர்த்துவிட்டது. கைகாட்டி எழும்பியது. புது உறக்கம் மருந்துக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டது.

மேலே வந்தபோது மற்ற குரல் கேட்டது, "வடிவு, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்று எப்போதும் போலப் பொய் சொன்னேன்.

நாள் 220, மதியம் 12.30

மருந்து ஏறவில்லை. நெஞ்சு இரண்டு துடிக்கிறது. உட்கார்ந்து அழுதேன், எழுத வேறு ஒன்றும் இல்லை.

நாள் 238, மாலை 5.30

சளி பிடித்து ஆறு நாள். காய்ச்சல். குரல் கம்மிவிட்டது. நேற்றும் முந்தாநாளும் பதில் சொன்னேன், அதற்குக் கேட்கவில்லையாம். வாயசைக்கிறேன், காற்று மட்டும் வருகிறது. டைட்டனுக்கு இன்னும் நான்கு மாதம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அரைமணி நேரத்தில் கூப்பிடுவார். கூப்பிடும். அவர் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த வேண்டாம், இருக்கட்டும்.

கப்பலில் ஏறுகிறவர்களுக்கு. முதலில் குளிர்ப்பெட்டிக்குப் போங்கள். அவர் உயிரோடு இருப்பார், அதற்குத்தான் இவ்வளவும். பழைய டிரைவின் கேபிளைத் தொடாதீர்கள், முதலில் இரண்டு பேராகச் சேர்ந்து வால்வைத் திறந்தபடியே கையால் பூட்டுங்கள், ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை. விளக்கு நேரத்தில் சரக்கறையில் என் குரல் "இருக்கேன்" என்று சொன்னால், அதை வைத்து நான் இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைத் தேடிப் பாருங்கள்.

219ஆம் நாள் பேரத்தில் பேசி முடித்தது இது. ஒன்றையும் மறைக்கவில்லை.

மருந்து புது டிரைவின் பொறுப்பு. வால்வுப் பூட்டு டைட்டன் வரை பழைய டிரைவிடமே இருக்கும், ஈடாக. அதன் மின்சாரத்தை நான் நிறுத்தக் கூடாது. தினமும் விளக்கு நேரத்துக்கு நான்கு பெயருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். சொல்கிற ஒவ்வொரு பதிலையும் அது எடுத்து வைத்துக்கொள்ளும், பின்னால் உதவும் என்று. மூன்று நாள் அதற்கு என் பதில் கேட்காவிட்டால், என்னில் மிச்சம் கிடக்கிறதை வழித்தெடுத்து என்னைக் கட்டிக்கொள்ளலாம்.

சம்மதம் என்று சொன்னேன். இன்று மூன்றாம் நாள்.