பாதி பருப்பு என்று எழுதிக் கொடுத்தேன்

விரபில்லா
அக்டோபர் 16

அன்பு மகள் ப்ரீக்கு,

இங்கே நானும் நாயும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம்தான், அவருடைய கௌரவம் மட்டும் ஒரு வாரமாகப் படுக்கையில் கிடந்து இப்போது தேறிவருகிறது. எடின்பரோ குளிருக்கு ஸ்வெட்டர் பத்தாது, கோட்டு வாங்கிக்கொள். சிக்கனம் பார்க்காதே.

பக்கத்துப் பண்ணை நெவில், சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி என்று நம்பி வாங்கிய சாசேஜ் ரோலைத் தின்று முடித்த பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டைப் படித்திருக்கிறான். எறும்புக்கால் எழுத்தில் 'தாவரப் புரதம்' என்று இருந்ததாம். அன்று மாலையே விவசாயக் கண்காட்சிக் கமிட்டியில் வந்து குதித்தான். "இன்னிக்கு கவர்மெண்ட்டுக்காரன் டிஜிட்டல் அடையாளம்னு போன்ல என் மூஞ்சியக் கேக்குறான், நாளைக்கு என் வாயில பட்டாணிய வைப்பான். ரெண்டும் ஒரே கும்பல்தான்யா" என்றான். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். உடனே உன் அப்பா, இறைச்சிப் போட்டிக்கு வரும் ஒவ்வொருவரும் இது முழுக்க இறைச்சிதான் என்று சட்டப்படி உறுதிமொழி தரவேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய ஒரு கை வேண்டியிருந்தது. தூக்கிய கை என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கும் என் ரோலில் என்ன இருக்கிறது என்பது கையை இறக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. என் மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

சாட்சிக் கையெழுத்துப் போட அதிகாரமுள்ளவர் ஊரில் உன் அப்பா ஒருவர்தான். அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கத்திடம் சொல்லலாம் என்று தோன்றியது, பார்த்துக்கொள் உன் அம்மாவின் நேர்மையை. டிஜிட்டல் அடையாளம் இருந்தால் போனிலேயே உறுதிமொழி கொடுக்கலாமாம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே உன் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்பதால் துணி துவைக்கும் அறைக்குள் பூட்டிக்கொண்டு போனுக்கு முகத்தைக் காட்டினேன். பாஸ்போர்ட் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டது. அந்தப் படத்தில் எனக்கு ஒரே தாடைதான், இப்போது இரண்டு.

வேறு வழியில்லாமல் சமையலறை மேசையில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். டை கட்டி, முத்திரையோடு தயாராக இருந்தார். முதலில் என் டிரைவிங் லைசென்ஸைக் காட்டச் சொன்னார். முப்பத்தோரு வருஷமாகப் பக்கத்தில் படுப்பவளிடம், ப்ரீ! தெரிந்தவளானாலும் முறை என்று ஒன்று இருக்கிறதாம். காட்டினேன். பொய் சொன்னால் குற்றம் என்று அவர் வாசிக்க ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினேன்.

"ராஸ், அதுல பாதி பருப்பு."

"எதுல?"

"எல்லாத்துலயும். கறி விலை ஏறுன அந்த வறட்சி வருஷத்துலேருந்து."

"என் அம்பதாவது பொறந்தநாளுக்குப் பண்ணினதுலயுமா?"

"அதுல முக்காவாசி."

முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "நான் கையெழுத்துக்குத்தான் சாட்சி. எழுத வேண்டியது நீ" என்றார். உள்ளதை எழுதினேன். அவர் முத்திரை குத்திய வேகத்தில் சர்க்கரை டப்பா குதித்தது.

கண்காட்சியில் என் தட்டுக்கு முன்னால் அந்தத் தாளைக் குத்திவைத்தார்கள். போட்டியிலிருந்து நீக்கம். ரிப்பன் மொரீனுக்குப் போயிற்று, செருப்புத் தோல் மாதிரி இருக்கும் அவள் ரோலுக்கு. நெவில் தாளை இரண்டு முறை படித்தான், என் மானம் போகப்போகிறது என்று நின்றேன். அவனோ, "நீயாவது கண்ணுக்குத் தெரியுற எழுத்துல எழுதி வச்சியே" என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டான். பதினொரு மணிக்குத் தட்டு காலி.

உன் அப்பா நாலு நாள் முட்டையை மட்டும் தின்றார், அதையும் உடைத்துப் பார்த்துத்தான். நேற்று வாகா டவுனுக்குப் போய்வந்தவர், கடத்தல் சரக்கு மாதிரி கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பருப்பு. "இத ஊற வைக்கணுமா?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

நீ நோய் நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவே, வயிறார உண்டு இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே. ப்ரீக்கு இது தெரியுமா என்று அப்பா கேட்டார், தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டேன், அதற்கு யாரும் உறுதிமொழி கேட்கவில்லை. சின்ன வயதில் பருப்பு கழுவிக் கொடுத்தவள் நீதான் என்பது நம்மோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். நன்றாக அதிர்ச்சி அடை.

முத்தங்களுடன்,
ரிப்பன் இழந்த உன் அம்மா
ஜெனட்