ஒன்பது குரல், பன்னண்டு குரல்

4 நவம்பர் 89, சனி

காலைலேர்ந்து மழை. குனோங் ராபாட் மலையே தெரியல. துணி காயல.

அரை நாள் வேலை. ரெண்டு மணிக்கு வீடு. கேம் ஆடலாம்னு வந்தா என் நாற்காலில குணா. இவரு தம்பி. தீபாவளிக்கு சிங்கப்பூர்லேர்ந்து வந்தவன், முறுக்கு தீர்ந்தும் போற வழியக் காணோம். இனிமே கு. போதும். முழுப் பேர் எழுதி மை தண்டம்.

கம்ப்யூட்டர் மூடியத் திறந்து வெச்சிருக்கான். என் கம்ப்யூட்டர். ஆபீஸ்ல பழைய மெஷின தள்ளுனப்ப நான் கேட்டு வாங்கியது. சவுண்ட் கார்டும் நானே தேடி வாங்கிப் போட்டது. அது பக்கத்துல இவன் இன்னொரு கார்ட சொருகுறான்.

"அண்ணி, உங்களுதுல ஒரே நேரத்துல ஒம்பது குரல்தான் வரும். இதுல பன்னண்டு. ஸ்டீரியோ. உங்களுத தூக்கிப் போட்டுறலாம்லா."

"தூக்கிப் போட நீ யாரு?"

இவரு பேப்பர்லேர்ந்து தலைய எடுக்காம: "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நெத்திலி கருகிடுச்சு. வேணும்னே அப்படியே வெச்சேன். தின்னட்டும்.

5, ஞாயிறு

மழை விட்டு விட்டு. காய் வாங்க பாசார் போகல.

கு. சவால் விட்டான். ஒவ்வொரு கேமா ரெண்டு கார்டுலயும் போட்டுப் பார்த்தோம்.

கோட்டை கேம் – ஆரம்பத்துல இடி மழை. என்னுதுல வயித்துல இறங்குது. அவனுதுல கரப்பான் பூச்சி ஓடுற மாதிரி.

விண்வெளி கேம் – அவனுதுல ராக்கெட் இந்த ஸ்பீக்கர்லேர்ந்து அந்த ஸ்பீக்கருக்குப் பறக்குது. நல்லாத்தான் இருக்கு. வாய் விட்டுச் சொல்லல.

துப்பறியும் கேம் – அவன் கார்டு இருக்கறதே அதுக்குத் தெரியல. பீப் பீப். அவ்வளவுதான்.

கு. ஒத்துக்கல. "பக்கத்து வீட்டு மேரி அக்காவ கேப்போம்லா." அவங்க சர்ச்சுல பாடுறவங்க. கூப்பிட்டோம். சுவரப் பார்த்து உக்கார வெச்சு கோட்டை கேம் மழைய ரெண்டு தரம் போட்டோம். எது யாருதுன்னு சொல்லல.

மேரி அக்கா: "மொதல்ல வந்தது மழை. ரெண்டாவது எண்ணெயில கடுகு போட்ட சத்தம்."

மொதல்ல போட்டது என்னுது. நான் சிரிச்சுட்டேன். அவன் மூஞ்சி சிவந்து போச்சு.

மேரி அக்கா போனதும் சொன்னான்: "தோட்டத்து லயத்துல பொறந்தவங்களுக்கு தகர டப்பா சத்தம்தான் பிடிக்கும்."

தாப்பா பக்கத்துல எங்க எஸ்டேட். ரப்பர வெட்டிச் சாய்ச்சு எண்ணெய்க்கு செம்பன மரம் போட்டு, நாங்க இருந்த லயத்து வீட்டையும் இடிச்சுத் தள்ளியாச்சு. இவன் வாயில மட்டும் இன்னும் இடியாம நிக்குது.

இவரு கேட்டுகிட்டுத்தான் இருந்தாரு. சிரிச்சாரு.

சிரிச்சாரு. அத எழுதத்தான் உக்காந்தேன்.

7, செவ்வாய்

வெயில். தலைவலி. ஆபீஸ்ல நாள் பூரா டைப்பு.

வீட்டுக்கு வந்து கேம் போட்டா இடி இல்ல. கரப்பான் பூச்சி. மூடியக் கழட்டிப் பார்த்தேன். என் கார்டு இருந்த இடம் காலி.

"எங்க?"

கு. மீ கோரேங் தின்னுகிட்டே: "டவுன் கம்ப்யூட்டர் கடையில தள்ளிட்டேன். அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான்."

இவர பார்த்தேன்.

"பழசுதானே. எதுக்குக் கத்துற?"

நான் கத்தவே இல்ல. கத்தியிருக்கணும்.

8, புதன்

தூறல். மத்தியானத்துக்கு மேல லீவு. வீட்டுல யாரும் இல்ல. பன்னண்டு குரலக் கழட்டி சமையல் துண்டுல சுத்திகிட்டு பஸ்ல ஈப்போ டவுனுக்கு.

கண்ணாடி அலமாரிக்குள்ள என் கார்டு. ஓரத்துல நான் ஒட்டுன பச்ச ஸ்டிக்கர் கூட அப்படியே.

கடைக்கார சீனத் தவுக்கே நல்ல மனுஷன். மலாய்லதான் பேசுனோம். "உன் தம்பி வித்தது இது" ன்னாரு.

"என் தம்பி இல்ல."

துண்டப் பிரிச்சு வெச்சேன். இதுக்கு அது. அவரு ரெண்டையும் புரட்டிப் பார்த்தாரு. "புதுசக் குடுத்து பழச வாங்குற. நட்டம் உனக்குத்தான். யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன், தவுக்கே."

பஸ்ல மடியிலயே வெச்சுகிட்டு வந்தேன். மாட்டுனேன். இடி. மேரி அக்கா ஜன்னல் வழியா, "வந்துருச்சா?" ன்னு கேட்டாங்க.

9, வியாழன்

மழை இல்ல. வீட்டுக்குள்ளதான் இடி.

கு. கண்டுபிடிச்சுட்டான். "திருடி!" ன்னான். "நீ செஞ்சதுக்கு என்ன பேரோ அதே பேர வெச்சுக்க" ன்னேன். நாற்காலிய எட்டி உதைச்சான். மேரி அக்கா வீட்டு ரேடியோ டக்குனு நின்னுச்சு. கேக்குறாங்க. கேக்கட்டும்.

இவரு எங்கிட்ட: "அவன்கிட்ட மன்னிப்பு கேளு."

"அவன் என் வீட்டுல என் பொருள வித்தான்."

"என் வீடு."

ஆறு வருஷத்துல இவரு இப்படிச் சொன்னது இதான் மொத தடவ.

கு. பைய எடுத்துகிட்டு அம்மா வீட்டுக்கு, பாரிட் புந்தாருக்கு. போறப்ப, "அம்மாகிட்ட சொல்றேன் பாருங்க." சொல்லு. ரெண்டு தரம் சொல்லு.

12, ஞாயிறு

பேய் மழை. வாசல் சாக்கடை, லோங்காங், நிரம்பி ஓடுது.

மூணு நாளா பேச்சில்ல. காலைல பாரிட் புந்தார்லேர்ந்து போன். மாமியார் அழுகை, எனக்கே கேட்டுச்சு. போன வெச்சுட்டு இவரு ஸ்க்ரூடிரைவரோட வந்தாரு.

"அது இந்த வீட்டுல இருக்கக் கூடாது. எது அது?"

நான் வெங்காயம் உரிச்சுகிட்டு இருந்தேன்.

பின்னாடி இருந்த வயர் எல்லாத்தையும் உருவுனாரு. இருக்கறதுலயே பெரிய கார்டா பார்த்துப் பிடுங்கி, நேரா வாசலுக்குப் போய் லோங்காங்ல வீசுனாரு. திரைக்குப் படம் அனுப்புற கார்டு அது. நான் அடுத்த வெங்காயத்த எடுத்தேன்.

சாயங்காலம் ராசி ஆயிட்டதா நெனச்சு, மிச்ச வயர மாட்டி கம்ப்யூட்டரப் போட்டுப் பார்த்துட்டு, நியூஸ் நேரத்துல கேட்டாரு: "கேம் ஆடலயா? திரையில ஒண்ணும் வரலயே, ஏன்?"

"தம்பிய கேளுங்க."

என் கார்ட நானே கழட்டிட்டேன். கைப்பைல இருக்கு. ஆபீஸ்ல ரொஸ்னாவோட மெஷின அஞ்சு மணிக்கு மேல யாரும் தொடுறதில்ல. "கொண்டா, நானும் ஆடணும்" ன்னு அவ போன மாசமே கேட்டவ. நாளைலேர்ந்து வீட்டுக்கு வர எட்டு ஆகும். இவருக்குக் கடையில சோறு பொங்குஸ் கட்டி வாங்கத் தெரியும்.