நல்ல எண் வந்தபோது

அண்ணே,

இன்று காலை, ரத்தம் சுழற்றும் இயந்திரத்திலிருந்து எடுத்த ஒரு டியூபில், மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் ரோஜா சீராப் தண்ணீர்போலச் சிவந்திருந்தது. ரத்தம் எடுக்கும்போதே அணுக்கள் உடைந்துவிட்டன. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லி வார்டுக்கு ஃபோன் போட்டேன். வழக்கமான வேலைதான். ஆனால் அதன் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் முதல் டியூபும் இப்படித்தான் இருந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு ஃபெரியில் சேர்ந்தே வருவோம். நீங்கள் துறைமுகத்துக்கு, நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்கு. "ரத்தத்தப் பாத்தே எல்லாம் சொல்வியாமே தம்பி, எனக்கு மூளை இருக்கான்னு பாத்துச் சொல்லு லா!" என்று ஃபெரியே கேட்கும்படி கிண்டலடிப்பீர்கள்.

கடைசியில் அதைத்தான் பார்க்க வேண்டிவந்தது. வேலையிடத்தில் இதயம் நின்று, திரும்பத் துடிக்கவைத்த பிறகும் கண் திறக்காமல் கிடந்தீர்கள். மூளையின் நரம்பணுக்கள் சேதமானால் ஒரு பொருள் ரத்தத்தில் கசியும்; அது ரொம்பவே ஏறியிருக்கிறது என்று டாக்டர் அண்ணியிடம் மெல்லச் சொன்னார். நான் ஓடிப்போய் டியூபைப் பார்த்தேன். சிவப்பு. சிவப்பணுக்களுக்குள்ளும் அதே பொருள் உண்டு. அவை உடைந்தால் எண் பொய்யாக ஏறும். யாரும் கவனிக்காமல் ரிசல்ட் போய்விட்டது.

"அந்த நம்பர நம்பாதீங்க அண்ணி. மறுபடி எடுக்கச் சொல்லிட்டேன்."

"அப்போ எழுந்துருவாரா தம்பி?"

அதற்குப் பதில் சொல்ல நான் யார்? ஆமென்று தலையாட்டினேன். "வீட்டுக்குப் போயி கொஞ்சம் தூங்கிட்டு வாங்க. நான் இருக்கேன் லா" என்றும் சொன்னேன். உங்களை விட்டு நகராதவர், என் பேச்சை நம்பி, "இதோ வந்துர்றேங்க" என்று உங்கள் காதில் சொல்லிவிட்டு ஃபெரி ஏறினார்.

நானும் இருக்கவில்லை அண்ணே. இரண்டாவது டியூபை யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல் நானே கீழே கொண்டுபோனேன். நீர் தெளிவாக இருந்தது. எண்ணும் நன்றாகவே வந்தது. பரீட்சையில் பாசான பிள்ளைபோல மேலே ஓடிவந்தேன். திரையை இழுத்து மூடியிருந்தார்கள். இதயம் மறுபடியும் நின்றுவிட்டது.

அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. "அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே தம்பி, அந்த மட்டும் நிம்மதி" என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். நானும் ஆமாம் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது எண்ணை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வேன்? உங்கள் மூளை பிழைத்திருந்தது என்றால், எங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அண்ணே.