இரண்டு ஷெட்டுக்கு ஒரே எண்

ஏப்ரல் 8, 2025

புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மாமா சமையலறை வாசலில் வந்து நின்று ஆபீஸ் வேலையைக் கேட்டார். கல்யாணமாகி மூன்று வருடம். அவர் எப்போது மாமனார், எப்போது முதலாளி என்று இன்னும் பிடிபடவில்லை. வீடு மாடியில், நான் நிரல் எழுதும் அவர் கம்பெனி கீழே. படி இறங்கினால் வேலை, ஏறினாலும் அதே வேலை. சைதன்யாவிடம் சொன்னால், "அப்பா அப்படித்தான், விடு மௌனி" என்பான்.

ஏப்ரல் 11

பல்லடத்தில் பொங்கியண்ணன் பண்ணையில் நாலாயிரம் கோழி செத்துவிட்டது. அரை மணி நேரத்தில். இந்த வெயிலில் இரண்டாவது ஷெட்டில் ஃபேன்கள் நின்றுவிட்டனவாம். அவற்றை வயர்லெஸில் இயக்குவது எங்கள் கம்பெனிப் பெட்டிகள். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே வரியில் முடித்தார்: "வேலைக்காரம்மா போன்ல மாத்தி அமுத்திப்போட்டா."

ஏப்ரல் 12

அந்த அம்மா பெயர் மாரியாத்தாள். பெட்டி மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். பொங்கியண்ணன் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

"நாலாவது செட்டு காலியாக் கெடந்துதுங்க. அதோட ஃபேனத்தானுங்க நிறுத்துனேன். ரெண்டை நான் தொடவே இல்லீங்க. பாத்துச் சொல்லுங்க அம்மணி."

பதிவை எடுத்துப் பார்த்தேன். அவர் அமுக்கியது நான்கைத்தான். அதற்குச் சற்று முன் பண்ணையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கம்பெனியில் யாருமில்லை. அதே மாதிரிப் பெட்டிகளை ஷெட் எண் எழுதி மேசையில் பரப்பி, மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வயர்லெஸ் பாதை. பாதைக்குப் பாதை முகவரி வேறு. ஆனால் பெட்டி ஒன்றுதானே? அதற்கு எல்லாப் பாதைக்கும் பொதுவாக ஒரே எண் தர வேண்டும். அந்த எண் வேறு எந்தப் பெட்டிக்கும் போகக் கூடாது. எண் கொடுக்கும் நிரல் நான் எழுதியது. பெட்டி எந்தப் பாதையில் வந்து கேட்கிறதோ, அந்தப் பாதையின் பட்டியலில் மட்டும்தான் எண் காலியா என்று பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் போய்த் திரும்பியதும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எண் கேட்கின்றன. நான்காம் ஷெட் பெட்டி ஒரு பாதையில் வந்து 7 வாங்கியது. இரண்டாம் ஷெட் பெட்டி வேறு பாதையில் வந்தது. அங்கே 7 காலி. அதற்கும் 7. நான்கை நிறுத்தச் சொன்னேன். இரண்டும் நின்றன.

அந்த அம்மா இல்லை. நான்.

ஏப்ரல் 15

மாமாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை.

"அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிப்போடு அம்மணி. காயிதத்துல ஒண்ணும் எழுதாத."

"அந்தம்மா மாமா?"

"அதுக்கு வேற பண்ணையா கெடைக்காது? இது வெளிய போனா உம் பேருதான் மொதல்ல கெடும்."

சைதன்யா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜினாமாக் கடிதத்தை நான் எங்கே கொடுப்பேன்? சாப்பாட்டு மேசையிலா?

ஏப்ரல் 16

சரி செய்துவிட்டேன். நான்கே வரி. பெட்டிகளில் இன்னும் ஏற்றவில்லை.

ஏப்ரல் 19

"விருந்தாளிக வாராங்க, மொகத்த அப்படி வெச்சுக்காத கண்ணு" என்றார் அத்தை. சிரித்தேன்.

ஏப்ரல் 22

மாரியாத்தாள் மறுபடி கூப்பிட்டார். எந்தப் பண்ணையிலும் சேர்க்கமாட்டேன் என்கிறார்களாம். "கோழியக் கொன்னவளுன்னு பேராயிப்போச்சுங்க. பாத்தீங்ளா அம்மணி?"

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

பாத்தாச்சே. தெரிஞ்சும் போச்சே. அப்புறம் ஏன் வாய் வரல? பேர் கெடும்னா — அவங்களுக்குப் பேர் இல்லையா?

ஏப்ரல் 24

யாரிடமும் சொல்லாமல் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பல்லடம் பஸ் ஏறினேன். பொங்கியண்ணனிடம் மாரியாத்தாளை வரவழைக்கச் சொன்னேன். இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கியண்ணன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுப்பீங்ளா?"

எழுதினேன். தவறு என் நிரலில், மாரியாத்தாள் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அவர் மாரியாத்தாளுக்கு வாசித்துக் காட்டினார்.

"முந்தாநேத்து நான் கூப்பிட்டப்பவே உங்களுக்குத் தெரியுமுங்ளா?"

"தெரியும்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 25

"இனி கீழ எறங்கி வராத" என்றார் மாமா, நான் பல்லடம் போனது தெரிந்ததும். என் லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மே 6

விஷயம் பண்ணைக்குப் பண்ணை பரவி, எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், பெட்டிகளைச் சரி செய்ய எல்லா ஊருக்கும் ஆள் அனுப்புகிறார் மாமா. பொங்கியண்ணன் மட்டும், எழுதிக் கொடுத்த அம்மணியே வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

மாமா அதை என்னிடம் சொல்லவில்லை. சைதன்யா சொன்னான். காலையில் தன் லேப்டாப்பை என் பையில் வைத்து, ஜிப்பை மூடி, பையை என்னிடம் நீட்டினான்.

பொங்கியண்ணன் பண்ணையில் பெட்டிகள் கூரையை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறித்தான் புது நிரலை ஏற்ற வேண்டும். ஏணியைப் பிடிக்க வந்தது மாரியாத்தாள். வேலையில் திரும்பச் சேர்ந்துவிட்டார். ஆறு பெட்டி முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடியையும் விடவில்லை.